முகாம், சுற்றுலா, ஆண்டு விழா: மாற்றுத்திறனாளிப் பிள்ளை விடுபடாமல் இருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது முன்பைவிடக் கொஞ்சம் சுலபமாகியிருக்கிறது. சிக்கல் அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. சாரணர் முகாம், ஜே.ஆர்.சி. (இளையோர் செஞ்சிலுவைச் சங்கம்) பயிற்சி, பசுமைப் படை மரம் நடும் நாள், மாமல்லபுரம் சுற்றுலா, குடியிருப்பில் நடக்கும் கோடைக்கால முகாம், ஞாயிறு பள்ளி, ஆண்டு விழா நடனம் என்று வகுப்பறைக்கு வெளியே எது நடந்தாலும் பட்டியலில் நம் பிள்ளையின் பெயர் மட்டும் இருக்காது. "வராதே" என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சுற்றறிக்கை வீட்டுக்கு வந்திருக்காது, அவ்வளவுதான். அல்லது சுற்றறிக்கை வந்த அன்றே ஒரு போனும் வரும்: "பாப்பாவுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்மா, நீங்களே யோசிச்சுப் பாருங்க."

என் மகளுக்கு மூளை முடக்குவாதம். சக்கர நாற்காலியில்தான் போவாள், வருவாள். பேச்சு மெதுவாக வரும், ஆனால் பேச நிறைய வைத்திருக்கிறாள். அவளுக்காகவும், எங்கள் பெற்றோர் குழுவில் உள்ள மற்ற பிள்ளைகளுக்காகவும் பள்ளிகளோடும் முகாம் நடத்துபவர்களோடும் பேசிப் பேசிக் கற்றதை இங்கே எழுதுகிறேன். ஆட்டிசம், காது கேளாமை, பார்வைக் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு என எந்தப் பிள்ளைக்கும் இந்த வழி பொருந்தும்.

இதில் ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகளுக்கு வரும் மறுப்பு பெரும்பாலும் அன்பான, மங்கலான பேச்சாகத்தான் வரும். அதோடு வாதாடிப் பயனில்லை. அதைத் தெளிவான கேள்வியாக மாற்ற வேண்டும்: எந்த நிகழ்ச்சி, அதில் எந்த இடத்தில் தடை, எதை மாற்றினால் தடை போகும்? இந்த மூன்றுக்கும் பதில் தேட உட்கார்ந்துவிட்டால் பாதி மறுப்புகள் அங்கேயே கரைந்துவிடும். மீதிக்குத்தான் கடிதமும் சட்டமும்.

முதலில், சட்டம் என்ன சொல்கிறது

பேசப் போகும் முன் இதைத் தெரிந்துகொண்டு போங்கள். எடுத்ததும் சட்டத்தை நீட்ட வேண்டாம். ஆனால் நீங்கள் கேட்பது சலுகை அல்ல என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் குரலே வேறு மாதிரி இருக்கும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. இதில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. நமக்கு முக்கியமானது பிரிவு 16. அரசு நிதி பெறும் பள்ளியோ, அரசு அங்கீகாரம் மட்டும் பெற்ற தனியார் பள்ளியோ, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், மற்றவர்களுக்குச் சமமாக விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளையும் தர வேண்டும் என்கிறது அது. சுற்றுலாவும் முகாமும் "எக்ஸ்ட்ரா" என்று சொல்பவர்களிடம் இந்த வரியைக் காட்டலாம். பிள்ளைக்கும், அதிக உதவி தேவைப்படும் பிள்ளை என்றால் உடன் வரும் உதவியாளருக்கும் போக்குவரத்து வசதி தருவதைப் பற்றியும் இதே பிரிவு பேசுகிறது.

பிரிவு 3 பாகுபாட்டைத் தடை செய்கிறது. ஒரு பிள்ளைக்குத் தேவையான நியாயமான மாற்றங்களைச் செய்து தர மறுப்பதும் பாகுபாடுதான் என்று சட்டத்தின் விளக்கப் பிரிவே சொல்லிவிடுகிறது. அதற்கு ஒரு வரம்பும் இருக்கிறது: நடத்துபவர்கள்மேல் அளவுக்கு மீறிய சுமை விழக் கூடாது. அதனால் "லிஃப்ட் கட்டுங்கள்" என்று ஒருநாள் முகாமுக்குக் கேட்க முடியாது. "நிகழ்ச்சியை மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு மாற்றுங்கள்" என்று தாராளமாகக் கேட்கலாம்.

"உங்க பையனுக்கு 40 சதவீதம் இல்லையே" என்று சிலர் சொல்வார்கள். மருத்துவச் சான்றிதழில் 40 சதவீதக் குறைபாடு என்பது இடஒதுக்கீடு, உதவித்தொகை போன்றவற்றுக்கான அளவுகோல். பாகுபாடு காட்டக் கூடாது என்ற பாதுகாப்புக்கு அந்த அளவு தேவையில்லை. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பேசியது. எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் பிரச்சினை உள்ள ஒருவர் தேர்வில் தனக்காக எழுத ஒருவரைக் கேட்ட வழக்கு அது. 40 சதவீதம் இல்லை என்பதற்காக மறுக்க முடியாது, ஒவ்வொருவரின் தேவையையும் அவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும் என்றது நீதிமன்றம். பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க இந்த வரியின் மேல்தான் நிற்கிறது.

தேசிய மாணவர் படைக்கு உடல்தகுதி விதிகள் உண்டு. அங்கே கதை வேறு. ஆனால் அந்த விதியைச் சாரணர் இயக்கத்துக்கும் ஜே.ஆர்.சி.க்கும் நாட்டு நலப்பணித் திட்டத்துக்கும் நீட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். "சாரணர் எல்லோருக்கும் நண்பர்" என்பது சாரணர் சட்டத்திலேயே உள்ளது.

ஜூன் மாதமே தொடங்குங்கள்

பெரும்பாலான பள்ளிகளில் எந்த மாதம் சுற்றுலா, எப்போது விளையாட்டு விழா, ஆண்டு விழா என்பது கல்வி ஆண்டின் தொடக்கத்திலேயே ஓரளவு முடிவாகிவிடும். பள்ளி திறந்த சில வாரங்களில் வகுப்பாசிரியரைப் பார்த்து அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிவிடுங்கள். சுற்றுலாவுக்கு நான்கு நாள் முன்னால் போய் நின்றால் "பஸ் புக் பண்ணியாச்சு" என்ற பதில்தான் வரும். அது உண்மையாகவும் இருக்கும். பஸ் பேசுவதற்கு முன்னால், இடம் முடிவாவதற்கு முன்னால் நம் தேவை அவர்கள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். தலைமை ஆசிரியரிடம் நாம் பத்து முறை சொல்வதை அவர்கள் ஒருமுறை சொன்னால் நடக்கும்.

பிள்ளையிடம் கேளுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நாம் சண்டை போட்டு இடம் வாங்கிக் கொடுக்கும் முகாமுக்குப் போகப் பிள்ளைக்கு விருப்பமே இல்லாமல் இருக்கலாம். அல்லது நாம் பயப்படுவது ஒன்று, அவள் பயப்படுவது வேறொன்றாக இருக்கலாம். என் மகளுக்குப் பஸ் படிக்கட்டு கவலையே இல்லை. யார் தூக்குவார்கள் என்பதுதான் கவலை. வளர்ந்த பெண் பிள்ளை. யாரோ ஒரு டிரைவர் அண்ணன் தூக்கி வைப்பதை அவள் விரும்பவில்லை. அது தெரிந்த பிறகுதான் இரண்டு ஆசிரியைகளுக்குத் தூக்கும் முறையைச் சொல்லிக் கொடுக்க முடிந்தது.

பேச்சு வராத பிள்ளையிடம் படம் காட்டிக் கேட்கலாம்: முகாம் நடக்கும் இடத்தின் படம், கூடாரம், நீச்சல் குளம், மேடை. எதைப் பார்த்து முகம் மலர்கிறது, எதைத் தள்ளிவிடுகிறது என்று பாருங்கள். தன்னைப் பற்றிய விஷயங்களில் தன் கருத்தைச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்று அதே சட்டத்தின் பிரிவு 4 சொல்கிறது. பள்ளிக்கு மட்டுமல்ல, வீட்டில் நமக்கும் அது பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன்.

ஒரு பக்கத் தாள்

முகாம் பொறுப்பாளரிடம் கொடுக்க ஒரே ஒரு பக்கம் தயாரியுங்கள். மருத்துவக் கோப்பு முழுவதையும் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். அதைப் பார்த்தே மிரண்டுவிடுவார்கள். நோயின் பெயர் ஒரு வரி போதும். மீதியெல்லாம் இருபது பிள்ளைகளை மேய்க்கும் ஒருவருக்கு அந்த நேரத்தில் கைகொடுக்கும் விஷயமாக இருக்கட்டும். எங்கள் குழுவில் ஒரு பெற்றோர் எழுதிய தாளை, பெயரையும் சில விவரங்களையும் மாற்றி, அப்படியே தருகிறேன்:

"என் பெயர் கவின். வயது 11. எனக்கு ஆட்டிசம். பஸ், ரயில், வரைபடம் என்றால் உயிர். இடம் தேடிப் போகும் விளையாட்டில் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள், வழி நான் சொல்வேன்.

விசில் சத்தம் திடீரென வந்தால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். விசில் அடிக்கும் முன் கையை உயர்த்திக் காட்டுங்கள், போதும்.

அடுத்து என்ன என்று தெரியாவிட்டால் பதற்றமாகிவிடும். அன்றைய நிகழ்ச்சிகளைப் படமாக ஒரு அட்டையில் ஒட்டிக் கொடுங்கள். திட்டம் மாறினால் அட்டையில் மாற்றிக் காட்டுங்கள்.

எனக்குப் பதற்றம் வந்தால் பிடித்து இழுக்காதீர்கள், சுற்றி நிற்காதீர்கள். என் சிவப்புப் பையில் ஹெட்போன் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள்.

'தண்ணி வேணுமா?' என்று கேட்டால் கேட்டதையே திருப்பிச் சொல்வேன். பாட்டிலைக் காட்டுங்கள், வேண்டுமென்றால் வாங்கிக்கொள்வேன்.

தண்ணீரைக் கண்டால் யோசிக்காமல் ஓடுவேன். குளம், கடல், கிணறு அருகே ஒருவர் என் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்."

பிள்ளைக்குப் பிடித்ததும் முடிந்ததும் முதலில் வருகிறது. உண்மையான ஆபத்து ஒன்றே ஒன்றுதான், அது மறைக்கப்படவில்லை. இது முக்கியம். ஆபத்தை மறைத்து இடம் வாங்கினால் பிள்ளைக்கும் நல்லதல்ல, அடுத்து வரும் பிள்ளைக்கும் கதவு மூடிவிடும்.

வலிப்பு வரும் பிள்ளை என்றால் தாளில் இவை கட்டாயம் இருக்கட்டும்: ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்க வை, தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வை, வாயில் எதையும் திணிக்காதே, கையில் சாவியோ இரும்போ கொடுக்காதே, கடிகாரத்தைப் பார், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. மூக்கில் அடிக்கும் மருந்தை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் அது எந்தப் பையில் இருக்கிறது, எப்போது அடிக்க வேண்டும் என்பதும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்தெலும்பின் பிணைப்பு தளர்ந்திருக்கும். குட்டிக்கரணம், தலைகீழாக நிற்பது போன்றவற்றுக்கு மருத்துவர் சம்மதம் வேண்டும். இப்படிக் குறிப்பாக எழுதிக் கொடுத்துவிட்டால், "அவனுக்கு எதுவும் வேண்டாம்" என்ற மொத்த மறுப்பு "அவனுக்குக் குட்டிக்கரணம் மட்டும் வேண்டாம்" என்று சுருங்கிவிடும்.

பேச்சுவார்த்தை: வரப்போகும் மூன்று பதில்கள்

நேரில் போங்கள். முடிவெடுக்கும் ஆள் யாரோ அவரிடம் பேசுங்கள். வகுப்பாசிரியர் நல்லவராக இருப்பார், ஆனால் அவர் கையில் எதுவும் இருக்காது. முடிந்தால் ஒரு கூட்டாளியை அழைத்துப் போங்கள்: சிறப்பாசிரியர், இயன்முறை மருத்துவர், அல்லது இன்னொரு பெற்றோர்.

பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் வரும்.

"பாதுகாப்பு முக்கியம் இல்லையா மேடம்?" இதற்கு, "எந்த நிகழ்ச்சியில், என்ன ஆபத்து சார்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பேசாமல் இருப்பது கஷ்டம்தான், ஆனாலும் காத்திருங்கள். பல நேரம் அவர்களிடம் குறிப்பாக ஒன்றும் இருக்காது. ஒரு பொதுவான பயம்தான் இருக்கும். இருந்தால் நல்லதே, அதைத் தீர்க்கலாம்.

இந்தப் பயத்தை நாடே ஒருமுறை பேசியது. 2022 மே 7 அன்று ராஞ்சி விமான நிலையத்தில் ஒரு மாற்றுத்திறனாளிச் சிறுவன் பதற்றமாக இருக்கிறான், மற்ற பயணிகளுக்குப் பாதுகாப்பில்லை என்று சொல்லி விமான நிறுவன ஊழியர்கள் அவனை ஏற்றவில்லை. பெற்றோரும் அவனோடு நின்றுவிட்டார்கள். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விசாரித்து அந்த நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. கனிவாகக் கையாண்டிருந்தால் பிள்ளை அமைதியாகியிருக்கும் என்றும் சொன்னது. அப்புறம் விதியும் மாறியது. குறைபாட்டைக் காரணம் காட்டி ஏற்ற மறுக்கக் கூடாது, பயணத்தில் உடல்நிலை மோசமாகலாம் என்று நினைத்தால் ஒரு மருத்துவர் நேரில் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். விமானத்துக்கே இப்படி என்றால், மாமல்லபுரம் போகும் பஸ்ஸுக்குக் கண்ணால் பார்த்து முடிவெடுப்பது எப்படிச் சரியாகும்?

"அம்மாவும் கூட வந்தா கூட்டிட்டுப் போறோம்." மூன்றிலும் இதுதான் கேட்க இனிமையானது. அதனால்தான் நிறையப் பேர் சரி என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் இரண்டு விஷயங்களை யோசியுங்கள். வேலைக்குப் போகும் அம்மாவால், கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மாவால் வர முடியாது. அந்தப் பிள்ளை வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். இன்னொன்று, பதிமூன்று வயதுப் பிள்ளை அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நண்பர்களோடு எதைப் பேசும்? முகாமுக்குப் போவதே வீட்டை விட்டுக் கொஞ்சம் தள்ளி இருக்கத்தானே. எந்த எந்த நேரத்தில் உதவி தேவை என்று பிரித்துக் காட்டுங்கள். கழிப்பறைக்கு, பஸ் ஏற இறங்க, சாப்பாட்டு நேரத்தில். மற்ற நேரமெல்லாம் பிள்ளை தானாகவே இருப்பாள் என்பது அப்போது அவர்களுக்கும் தெரியும். அந்த நேரங்களுக்கு ஒரு ஆசிரியையோ, தன்னார்வலரோ, கல்லூரி மாணவியோ போதும். முன்கூட்டியே வரச் சொல்லி நாமே பழக்கிக் கொடுக்கலாம். முதல் முகாமில் அம்மா அதே ஊரில், போன் போட்டால் வரும் தூரத்தில் இருப்பது இரு பக்கத்துக்கும் தைரியம். அதற்குமேல் வேண்டாம்.

"மத்த பிள்ளைங்க பேரண்ட்ஸ் ஏதாவது சொல்வாங்க." கேட்கும்போது வயிறு எரியும். பதில் மட்டும் சுருக்கமாக இருக்கட்டும்: யார் என்ன சொன்னார்கள் என்று சொல்லுங்கள், நானே அவர்களிடம் பேசுகிறேன். பெரும்பாலும் அப்படி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இடையில் ஒரு தாளை நீட்டி, "எது நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பதும் உண்டு. எல்லாப் பெற்றோரிடமும் வாங்கும் அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள். உங்களுக்கு மட்டும் தனியாக ஒரு தாள் என்றால், ஏன் என்று கேளுங்கள். கூடுதல் கட்டணத்துக்கும் இதே கேள்விதான்.

பேசியதை எழுத்தில் வையுங்கள்

கூட்டம் முடிந்த அன்று மாலையே ஒரு கடிதமோ, மின்னஞ்சலோ, வாட்ஸ்அப் செய்தியோ அனுப்புங்கள். கோபமில்லாத, நன்றியோடு தொடங்கும் செய்தி. இப்படி:

"வணக்கம் ஐயா. இன்று நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. டிசம்பர் மாத முகாமில் என் மகளும் கலந்துகொள்வது பற்றிப் பேசினோம். தங்கும் இடத்தில் கழிப்பறைக்கு இரண்டு படிகள் இருப்பதாகச் சொன்னீர்கள். சாய்வுப் பலகை நாங்கள் கொண்டுவருகிறோம். மலையேற்றம் நடக்கும் மூன்று மணி நேரம் அவளுக்கு என்ன நிகழ்ச்சி என்பதை வரும் வெள்ளிக்குள் சொல்வதாகச் சொன்னீர்கள். அவளைச் சேர்த்துக்கொள்வதில் வேறு ஏதாவது சிரமம் இருந்தால், எந்த நிகழ்ச்சியில் என்ன சிரமம் என்று எழுத்தில் தெரிவித்தால் நாங்களும் சேர்ந்து வழி தேட உதவியாக இருக்கும்."

இந்தக் கடைசி வாக்கியம்தான் கடிதத்தின் உயிர். வாயால் "முடியாது" என்று சொல்வது சுலபம். "இந்தப் பிள்ளை மாற்றுத்திறனாளி என்பதால் சேர்க்கவில்லை" என்று லெட்டர்ஹெட்டில் எழுத யாருக்கும் கை வராது. எழுத உட்கார்ந்தால் மனம் மாறும். மாறாமல் எழுதியே கொடுத்துவிட்டால், அதுவே பிறகு புகாருக்கு ஆதாரம்.

நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கு

இந்தப் பகுதியை அப்படியே சாரண ஆசிரியருக்கோ முகாம் பொறுப்பாளருக்கோ அனுப்பலாம். உங்களில் பலருக்கு மனம் இருக்கிறது, எப்படி என்று தெரியவில்லை, யாரும் சொல்லித் தரவும் இல்லை. அது எங்களுக்கும் தெரியும்.

எந்த விளையாட்டையும் நான்கு கோணத்தில் மாற்றலாம்: இடம், வேலை, பொருள், ஆள். முடிச்சுப் போடும் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கை மட்டும் நன்றாக இயங்கும் பிள்ளைக்கு மெல்லிய கயிற்றைக் கொடுத்தால் அது கையிலேயே நழுவும். விரல் தடிமன் கயிறாகக் கொடுங்கள். ஒரு முனையை நாற்காலிக் காலில் கட்டிவிடுங்கள். இரண்டு நிறக் கயிறுகளை இணைத்துக் கொடுத்தால் எது எதன் மேல் போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். மேசை மேல் வைத்துச் செய்யட்டும். இப்போது அதே முடிச்சு அவளுக்கும் வரும். கொஞ்சம் கூட நேரம் ஆகும், அவ்வளவுதான். அவளுக்காக வாங்கிய இரு நிறக் கயிற்றில் மற்ற பிள்ளைகளும் சீக்கிரம் கற்றுக்கொள்வதைப் பார்ப்பீர்கள்.

பந்து விளையாட்டில் பார்வை தெரியாத பிள்ளை இருந்தால் உருளும்போது ஓசை வரும் பந்து. பார்வையற்றோர் கிரிக்கெட்டில் அப்படித்தான் ஆடுகிறார்கள். ஓட்டப் போட்டியில் வேகமாக ஓட முடியாத பிள்ளைக்கு ஸ்கோர் எழுதும் வேலையைக் கொடுத்து மூலையில் உட்கார வைத்துவிடாதீர்கள். எல்லாப் பள்ளிகளிலும் எங்கள் பிள்ளைகள் ஸ்கோர் எழுதி எழுதியே வளர்கிறார்கள். தொடர் ஓட்டமாக்கி அவளுக்குக் குறைந்த தூரத்தைக் கொடுங்கள். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அமைப்பு அறிவுசார் குறைபாடு உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒரே அணியில் சேர்த்து ஆட வைக்கிறது. போட்டியும் இருக்கும், எல்லோரும் ஆடவும் செய்வார்கள்.

காது கேளாத பிள்ளை இருந்தால் பாசறைத் தீயைச் சுற்றி உட்காரும் நேரம்தான் மிகச் சிரமம். இருட்டில் உதடும் தெரியாது, சைகையும் தெரியாது. பேசுபவர் முகத்தில் ஒரு விளக்கு விழும்படி வையுங்கள். பாட்டு வரிகளை முன்பே எழுதிக் கொடுங்கள். காக்ளியர் கருவி (அறுவை சிகிச்சை செய்து பொருத்தும் செவிக் கருவி) வைத்த பிள்ளை என்றால், தண்ணீரில் இறங்கும் முன் வெளிப்பகுதியைக் கழற்ற வேண்டுமா என்று பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள். கழற்றிய பிறகு அவனுக்கு எதுவும் கேட்காது என்பதும் நினைவில் இருக்கட்டும். கரையிலிருந்து கூப்பிட்டால் வரமாட்டான்.

இடத்தைப் போய்ப் பாருங்கள். போனில் "வசதியெல்லாம் இருக்கு சார்" என்பார்கள். மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகள் கடல்வரை போக நிரந்தர மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு சரிசெய்தார்கள். பாதை இருக்கிறது என்பது வேறு, நீங்கள் போகும் நாளில் அது நடக்கும்படி இருக்கிறது என்பது வேறு. கழிப்பறைக் கதவின் அகலத்தை டேப் வைத்து அளந்து, சக்கர நாற்காலியின் அகலத்தோடு ஒப்பிடுங்கள். இந்தியக் கழிப்பறை மட்டும்தான் என்றால் நடுவில் துளையுள்ள கமோடு நாற்காலி ஒன்றைக் கொண்டுபோனால் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பிள்ளையைத் தூக்கும் முன், தள்ளும் முன் அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நாற்காலி அவள் உடம்பு மாதிரி.

மற்ற பிள்ளைகளிடம் பெரிய உரையெல்லாம் ஆற்ற வேண்டாம். "கவின் நம்ம அணிதான், விசில் சத்தம் அவனுக்குப் பிடிக்காது, அதனால முதல்ல கை தூக்குவோம்." இவ்வளவு போதும். யாரையாவது ஒரு பிள்ளையை "நீ அவனைப் பார்த்துக்கோ" என்று நாள் முழுக்க நியமித்துவிடாதீர்கள். அப்புறம் அவர்களுக்குள் நட்பு வராது, வேலைதான் வரும். மணிக்கு ஒருவராக மாறட்டும்.

புறப்படும் நாள்

பையில் ஒரு பக்கத் தாள் மூன்று பிரதிகள்: பொறுப்பாளருக்கு, பஸ்ஸில் ஒருவருக்கு, பிள்ளையின் பையில் ஒன்று. வேளை வாரியாகப் பிரித்த மருந்து. யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள) அட்டையின் நகல். மாற்று உடை இரண்டு செட். சக்கர நாற்காலி என்றால் டயருக்குக் காற்றடிக்கும் சின்ன பம்ப். பெரிய பெண் என்றால் நாப்கின் மாற்ற யார் உதவுவார்கள் என்பது முன்பே முடிவாகியிருக்கட்டும். இதைக் கேட்கக் கூச்சப்பட்டுப் பலர் விட்டுவிடுகிறோம், அங்கே போய்த் தவிப்பது பிள்ளைதான்.

வழியனுப்பியதும் போனைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அரை மணிக்கொரு முறை நீங்கள் கூப்பிடாதீர்கள்.

எல்லாம் செய்தும் மறுத்தால்

அரசு, அரசு உதவி பெறும், தனியார் எந்தப் பள்ளியானாலும் முதலில் தலைமை ஆசிரியருக்கோ தாளாளருக்கோ எழுத்துப்பூர்வ மனு. பதில் இல்லையென்றால் மாவட்டக் கல்வி அலுவலகம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பிரிவு 16, பிரிவு 31 (இலவசக் கல்வி உரிமை) தொடர்பான விஷயங்களைக் கவனிக்க அங்கே ஒரு பொறுப்பு அலுவலர் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2017 விதிகள் சொல்கின்றன. அவர் யார் என்று பெயர் கேட்டு வாங்குங்கள். சாரணர் இயக்கம் என்றால் மாவட்ட ஆணையருக்கும் ஒரு நகல்.

அடுத்து மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் அது பதிவாகும், ரசீது கிடைக்கும். முதல்வரின் உதவி மையம் 1100 எண்ணிலும் பதியலாம். பிள்ளையை அவமானப்படுத்தியது, அடித்தது, அறையில் பூட்டியது போன்றவை நடந்திருந்தால் யோசிக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098.

இவற்றில் தீரவில்லை என்றால், அல்லது மறுத்தது தனியார் முகாம், சங்கம், அறக்கட்டளை என்றால், சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. என்ன நடந்தது, எந்தத் தேதி, யாரிடம் பேசினோம், என்ன மாற்றம் கேட்டோம், என்ன பதில் வந்தது என்று வரிசையாக எழுதி, கடிதங்களையும் வாட்ஸ்அப் செய்திகளின் பிரதிகளையும் இணைத்துக் கொடுங்கள். விசாரணைக்கு ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் ஆணையருக்கு உண்டு. அவர் பரிந்துரை செய்தால், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று மூன்று மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். சட்டத்தை மீறியது நிரூபணமானால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் விதிக்கப் பிரிவு 89 இடம் தருகிறது. பலர் பார்க்கும் இடத்தில் வேண்டுமென்றே பிள்ளையை இழிவுபடுத்தினால் அது பிரிவு 92. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

புகார் கொடுக்க வேண்டுமா என்ற தயக்கம் எல்லோருக்கும் வரும். பிள்ளை அதே பள்ளியில்தானே நாளைக்கும் உட்கார வேண்டும். அந்தப் பயம் நியாயமானது. அதனால் முடிந்தவரை தனியாகப் போகாதீர்கள். அதே பள்ளியில் இதே மாதிரி விடுபட்ட இன்னொரு பிள்ளை நிச்சயம் இருக்கும். இரண்டு குடும்பங்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்ட மனுவில் எந்தப் பிள்ளையையும் தனியாகக் குறிவைக்க முடியாது. புகாரிலும் "இனிவரும் நிகழ்ச்சிகளில் சேர்க்க வேண்டும், சுற்றுலா இடம் முடிவாகும் முன் பெற்றோரைக் கேட்க வேண்டும்" என்று அடுத்து நடக்க வேண்டியதைக் கேளுங்கள். போன முகாம் திரும்ப வராது.

போய் வந்த பிறகு

இதைச் செய்பவர்கள் குறைவு, பலன் அதிகம். ஒரு வாரத்துக்குள் பொறுப்பாளரைப் பார்த்து எது சரியாக இருந்தது, எது சிரமம் என்று கேளுங்கள். நன்றாக நடந்திருந்தால் தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் நன்றி சொல்லுங்கள். இந்த ஆசிரியை இன்னது செய்தார் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். அடுத்த வருடம் அந்த ஆசிரியை மாற்றலாகிப் போனாலும் கடிதம் கோப்பில் இருக்கும். "போன தடவை நாங்களே கூட்டிட்டுப் போயிருக்கோம்" என்று பள்ளியே சொல்லும்.

ஒரு பக்கத் தாளைத் திருத்துங்கள். பிள்ளைகள் வளர்கிறார்கள். போன வருடம் தேவைப்பட்ட உதவி இந்த வருடம் தேவைப்படாது. முகாமில் புதிதாக ஒன்றைக் கற்றிருந்தால் அதையும் முதல் வரியில் சேர்த்துவிடுங்கள். அப்புறம் அடுத்த நிகழ்ச்சி எந்த மாதம் என்று அன்றே கேட்டு, காலண்டரில் குறித்துக்கொண்டு வாருங்கள்.